நீலத் தாள்

“மல்லாட்டை காயவெச்ச களத்துல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்...”

“பொய்யி டாக்டர், இந்தாளுதான் மம்பட்டிக் காம்பால...”

“வாய மூடுடி!”

“மூடத்தான் முடியல. மூடினா கீழ்ப்பல்லு இடிக்குது. ஒரு மாசமா கஞ்சியே குடிச்சிக்கினு கெடக்கறேன்.”

விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது தொடங்கிய சண்டை திண்டிவனத்துப் பல் டாக்டரின் அறையிலும் ஓயவில்லை. உடைந்த மேல் கடைவாய்ப் பல்லைப் போன மாதம் பிடுங்கியதும் அவர்தான். அம்சாவின் வாயில் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். இடிக்கும் பல்லில் மை ஒட்டும். அந்த இடத்தை ராவிவிட்டால் வாய் சரியாக மூடும்.

மை ஒரே ஒரு கீழ்ப்பல்லில் ஒட்டியது. அதற்கு நேர் மேலே பல் கிடையாது, போன மாதம் பிடுங்கிய இடம் அது. டாக்டர் அந்தக் கீழ்ப்பல்லை ராவினார். மறுபடி கடித்தாள், மறுபடி அங்கேயே மை. நான்காவது தடவையில் அந்தப் பல் ஈறு மட்டத்துக்கு வந்துவிட்டது. அம்சா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவள் கடித்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

“எல்லாம் நடிப்பு டாக்டர்,” என்று எழுந்து வந்தான் அவள் புருஷன் சீனுவாசன். அவள் வாயைப் பிளந்து, பல் இல்லாத இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தான்.

“இங்க என்னாடி இருக்குது இடிக்கறதுக்கு? எங்க, கடி பாப்போம்.”