பின்வாங்காத வண்டி

மகளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று கேட்டதும், சீமாட்டி ஃபௌஸ்தினா விருந்தைப் பாதியில் விட்டு வண்டியேறினாள். ரோமாபுரியின் குறுகிய சந்தில், ஜென்மப் பகையாளியான பக்கத்து மாளிகை கொஸ்தான்ஸாவின் வண்டி எதிரே வந்து நின்றது. எந்த வண்டி பின்வாங்குகிறதோ, அந்தக் குடும்பம்தான் மட்டம் என்பது ஊர் வழக்கம்.

"அம்மா, நான் எதுக்குப் போறேன்னா..." என்று இழுத்தான் எதிர் வண்டிக்காரன்.

"அந்தச் சிறுக்கியோட ஆளு எனக்குக் கதை சொல்ல வேண்டாம். குதிரையைப் பின்னால தள்ளுடா."

இரண்டு மணி நேர ஏச்சுக்குப் பிறகு அவன்தான் பின்வாங்கினான். குலப்பெருமை பிழைத்தது.

வீட்டு மாடியில் மகள் அலறிக்கொண்டிருந்தாள்.

"மருத்துவச்சி எங்கேடி?"

வேலைக்காரி கையைப் பிசைந்தாள். "நம்ம வண்டிய நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க. கொஸ்தான்ஸா அம்மாதான் மனசிரங்கி, மருத்துவச்சியக் கூட்டியாரத் தன் வண்டிய அனுப்பினாங்க. போயி ரெண்டு மணி நேரமாச்சு, இன்னும் காணோம்."