நாற்பது ஜோடிச் செருப்பு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். ஈரானில் கெர்மான் கடைத்தெரு, இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருடம். வெள்ளைக்காரர் தயவில் நடக்கும் வலதுசாரிக் கட்சியின் கிளையில் செயலாளர் மிர்சா பஹ்ராம் ஒருவர்தான் உறுப்பினர். தலையெண்ணத் தூதரக அதிகாரி வருகிறார். ஆளில்லையென்றால் கிளையை மூடிவிடுவார். எதிரே குளியல் மண்டபத்து வாசலிலிருந்து வாரிவந்த நாற்பது ஜோடிச் செருப்புகளை மிர்சா கிளையின் மூடிய கதவின்முன் அடுக்குகிறார். தேய்ந்த தோலில் காலை வெயில் மினுங்குகிறது. "குளிச்சவங்க வெறுங்காலோட நிக்கிறாங்க, மிர்சா," என்கிறார் மண்டபக்காரர் அஸ்கர். "இன்னொரு வாளி ஊத்திக்கச் சொல்லுப்பா." அதிகாரி குடைநுனியால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். உள்ளே தேநீர் கொதிக்கும் சமோவார் தனியாக முணுமுணுக்கிறது. "கட்டுப்பாடான கட்சிதான்," என்று தலையசைத்துப் போகிறார். மிர்சாவுக்கு மூச்சு வருகிறது. அன்றைக்கு அந்தக் குளியல் மண்டபம் இடிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.