மாலிகாடல்

மடியிலிருந்த துணி மூட்டையை ஒரு கையால் அணைத்தபடி, மகன் யோகேஸ்வரனின் ஆங்கிலக் கட்டுரை நோட்டைத் தங்கை மகள் ரூபினியிடம் நீட்டினாள் பிரேமாவதி. கார் சுங்கை லாலாங் ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"என்னைப் பத்தி 'மாலிகாடல்'னு எழுதியிருக்கான். திட்டுறானா?"

ரூபினி படித்தாள். "இல்ல பெரியம்மா. பிள்ளையை அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்க்கிறதுலா. 'பதினேழு வயசாகியும் அம்மா என்னை ஆத்துல கால் நனைக்க விடல'ன்னு கிண்டல் பண்ணியிருக்கான்."

"தண்ணியில கண்டம்னு ஜோசியர் சொன்னாரே! அதான் நீச்சல் வகுப்புக்குக்கூட அனுப்பல."

ரூபினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோத்தா கோலா மூடா கடற்கரையில் படகு காத்திருந்தது. கணவர் மணியம் மூட்டையைப் பிரித்து, உள்ளேயிருந்த அஸ்திக் கலயத்தை எடுக்கப் போனார். பிரேமாவதியின் பிடி தளரவில்லை.

"விடும்மா. ரோட்டுல போன பிள்ளையை லாரி மோதினா நீ என்ன செய்வே?"

கொடுத்துவிட்டாள். அவர் ஏறியதும் படகு நகர்ந்தது. பிரேமாவதி முட்டளவுத் தண்ணீருக்குள் ஓடிவந்து கத்தினாள்:

"ஏங்க, ரொம்ப ஆழத்துல விட்டுடாதீங்க! அவனுக்கு நீந்தத் தெரியாதுங்க!"