எல்லன் வைத்த பொட்டு

பாஷாண் குன்றுக்கு மேல் பருவத்தின் முதல் மேகம் கறுத்து ஏறுகிறது. அதை அளக்க நாமும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த லேசர் கருவி, ஆய்வுக்கூடத்தில் மரப்பெட்டிக்குள் கிடக்கிறது. போன மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தோம்; அமெரிக்கா கூட்டு ஆராய்ச்சியை நிறுத்திக் கருவியைத் திருப்பிக் கேட்டுவிட்டது. அதன் நெற்றியில் கோணலாய் ஒரு குங்குமப் பொட்டு. “துடைச்சிடும்மா. சுத்தமா அனுப்பணுமாம்” என்கிறார் இயக்குநர் சந்திரமௌலி. “ஆயுத பூஜைக்கு அமெரிக்காலேருந்து வந்தப்போ, நம்மகூட வேலை செஞ்ச எல்லன் தன் கையால வச்சது சார். கோணிப்போச்சுன்னு எப்படிச் சிரிச்சா!” என்கிறாள் விஞ்ஞானி வைதேகி. புடவைத் தலைப்பை நனைத்துத் துடைக்கிறாள். குங்குமம் போய்விட்டது, வெள்ளைப் பூச்சில் ஊறிய சிவப்பு மட்டும் போகமாட்டேனென்கிறது. மறுபடி தேய்க்கிறாள். வளையல் தகட்டில் இடித்து இடித்து ஒலிக்கிறது. “போதும்மா” என்கிறார் அவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. “அழுத்தித் தேய்க்காதே.”