மஞ்சள் தொப்பி வரிசை

கூப்பரேஜ் கால்பந்து மைதானத்தின் பலகைப் படிகளில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மில் அணிக்குக் கை தட்ட வந்தவர்களின் வரிசையில், மில்லில் எல்லாருக்கும் கொடுத்த மஞ்சள் தொப்பியோடு உதுமான் உட்கார்ந்திருக்கிறான். இடப்பக்கம் சூப்பர்வைசர், அடுத்த வாரம் உதுமான் மாதிரி டெம்பரரி ஆட்களில் யார் யாரைப் பெர்மனன்ட் ஆக்குவது என்று லிஸ்ட் எழுதப்போகிறவர். வலப்பக்கம் தாராவியிலிருந்து கூடவே வந்த, மில்லில் வேலை பார்க்காத மச்சான் முகைதீன். கல்கத்தா கிளப்புக்காகத் தொண்டை கட்டக் கத்துகிறான். சின்ன வயதிலிருந்து அந்தக் கிளப்புக்காக ரேடியோவில் காதை வைத்துக் கிடந்தவன்தான் உதுமானும். இன்று அது மில் அணியோடு மோதுகிறது. "ஜோர்சே, உதுமான், ஜோர்சே!" என்று சூப்பர்வைசர் அவன் தொடையில் தட்ட, உதுமான் மில்லுக்கு இன்னும் பலமாகக் கை தட்டுகிறான். கல்கத்தாக்காரன் பந்தைப் பறித்தாலும் மெல்லத் தட்டுகிறான். "என்ன மச்சான், வலது கை மில்லுக்கு, இடது கை கல்கத்தாவுக்கா வே?" என்று முகைதீன் சிரிக்கிறான். "ரெண்டும் நம்ம டீம்தாம்வே, சும்மா இரி," என்கிறான் உதுமான். திடீரென்று கல்கத்தாக்காரன் அடித்த பந்து மில் அணியின் வலையில் போய் விழுகிறது. மைதானமே அலறுகிறது. மஞ்சள் தொப்பிகள் அத்தனையும் உட்கார்ந்தபடி இருக்க, நடுவில் ஒன்று மட்டும் உயர்ந்து நிற்கிறது. எப்போது எழுந்தோம் என்று உதுமானுக்கே தெரியவில்லை. தூக்கிய கைகளை இறக்க வழியில்லாமல் நிற்கிறான். சூப்பர்வைசர் மைதானத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.