அளவு ஜாக்கெட்

தைராய்டு சுரப்பு குறைந்துபோன வருஷம் தமயந்தியின் உடம்பு புளித்த மாவுபோலப் பொங்கியது. விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காபிக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பாள். அதைச் சொல்லிச் சலித்துக்கொள்ளக்கூட அந்த வீட்டில் ஆளில்லை. தையற்கடை ரெஜினா மட்டும் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கச் சொல்லி, இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்து, "என்னக்கா, மறுபடியும் ஏறிட்டீங்களே" என்று தோளைத் தட்டிக்கொடுப்பாள். இப்போது சில மாதங்களாக எடை நிலைத்து நிற்கிறது. மருந்து கேட்க ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர்.

புதுத் துணியோடு கடைக்குப் போனபோது ரெஜினா கையை நீட்டினாள். "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களாக்கா? அதை வச்சே தைச்சிடுறேன்."

"ஒண்ணும் பத்தல ரெஜினா. எல்லாம் இறுக்குது" என்றாள் தமயந்தி.

அவள் போட்டிருந்த ஜாக்கெட்டை ரெஜினா பார்த்தாள். போன தடவை தன் கையால் தைத்தது. ஓர் இழுப்போ சுருக்கமோ இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் தமயந்தி இரண்டு கைகளையும் தூக்கியிருந்தாள்.