தோள் நுனியில் தனிக்குடித்தனம்

இசக்கியப்பன் பஸ் படியில் வழுக்கி விழுந்ததில் வலது தோளில் அடி. எக்ஸ்ரேயில் தோள் நுனி எலும்புக்குக் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. "முறிஞ்சிருக்கு, ஸ்க்ரூ போடணும்போல," என்றார் டாக்டர்.

"நான் முறியவே இல்லை," என்றது கோட்டுக்கு அப்பால் இருந்த குட்டி எலும்பு. "வளரும்போது பெரிய எலும்போடு ஒட்டாமல் நின்றுவிட்டேன். தனிக்குடித்தனம், அவ்வளவுதான்."

"படத்திலேயே தெரிகிறதே," என்றது மேசைமேல் டப்பாவில் இருந்த ஸ்க்ரூ. "நாளைக்கு உன்னைத் துளைத்து இறுக்கிவிடுகிறேன்."

இந்தப் பேச்சு எதுவும் டாக்டர் காதில் விழவில்லை. அவர் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து அழுத்தினார். குட்டி எலும்பு அசையாமல் இருந்தது.

"இங்க வலிக்குதா?"

"இல்லீங்க டாக்டர். கீழே சதையிலதான் வலி."

டாக்டர் யோசித்தார். "இடது தோளையும் ஒரு படம் எடுத்துட்டு வாங்க."

இரண்டு படங்களும் வெளிச்சத்தில் அருகருகே தொங்கின. அடிபடாத இடது தோளிலும் அதே கோடு, அதே குட்டி எலும்பு.

"அவனையும் சேர்த்து இறுக்கிவிடலாம்," என்றது ஸ்க்ரூ. "ரெண்டு பக்கமும் இருக்கு, இது முறிவே இல்லை," என்று டாக்டர் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார்.

சதை வலி ஆறியதும் இசக்கியப்பன் மறுபடி பஸ் ஏறினான். உட்கார இடமில்லை. இரண்டு கையையும் தூக்கி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இத்தனை வருஷமும் நான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்," என்றது வலது குட்டி எலும்பு.

"நானும்தான்," என்றது இடது.

பஸ் பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியது. நின்றவர்கள் எல்லாம் சரிந்தார்கள். இசக்கியப்பன் மட்டும் நின்றான்.